பின்பக்கக் கனம்

12 ஜூன்

குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்கள் நலமா என்று கேட்டாலும் இன்ஜினைப் பற்றித்தான் பதில் எழுதுவீர்கள். அதனால் நேராக இன்ஜினுக்கே வந்துவிடுகிறேன்.

நம் படகின் ஒன்பது எச்.பி. போன வாரம் உயிரை விட்டுவிட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதைத் தொந்தரவு பண்ணாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டார். புதிதாக எது வாங்குவது? என் தம்பி பதினைந்து போதும் என்கிறான். எங்களோடு கடலுக்கு வருகிற நெட்டையன் இருபத்தைந்து என்கிறான். அவனுக்குச் சோறு முதல் சண்டை வரை எல்லாமே பெரிதாகத்தான் வேண்டும். நீங்கள் இரண்டு வருஷமாக அந்த இன்ஜின் கடையில்தான் வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா?

போகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். இன்ஜின் பிடிப்பது நான். ஆனால் நான்கு பேருக்குக் கணக்குப் போடுங்கள். திட்டாதீர்கள். குட்டி கடலோடு போய், படகு மட்டும் தானாகக் கரை ஒதுங்கிய நாளிலிருந்து அதன் பின்பக்கம் கனமாகவே இருக்கிறது. வலை காலியாக இருந்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் போகிறது. கடைசிப் பலகையில் என் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. எனக்குத் தெரியாதா?

இன்ஜினை நீங்களே கொண்டுவந்து மாட்டினால் நன்றாக இருக்கும். வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும். என்னையும்தான்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா

20 ஜூன்

குட்டியின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாகத்தான் இருக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் இன்னும் தூக்கம். இன்ஜின் வாசனையில் கொசு கூட வருவதில்லை.

இருபத்தைந்து வேண்டவே வேண்டாம். நெட்டையன் பேச்சைக் கேட்டால் படகை விற்றுவிட்டு இன்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பெரிய இன்ஜின் என்றால் அதன் எடையும் பெரிது. அது பின்சுவரில்தான் தொங்கும். ஏற்கெனவே அமுங்குகிற பின்பக்கம் இன்னும் அமுங்கும், அலை பின்னாலிருந்து உள்ளே ஏறும். எண்ணெயும் குடித்துத் தீர்த்துவிடும். பதினைந்துதான் சரி.

நாலாவது ஆள் விஷயம். ஒரு ஆள் கூடினால் படகு இப்படி இழுக்காது. நீ சொல்வதைப் பார்த்தால் மூன்று நான்கு ஆள் கனம். தளத்துக்கு அடியில் மிதப்பதற்காகத் தெர்மோகோல் அடைத்திருக்கிறார்கள் அல்லவா, எங்காவது கீறல் வழியாகத் தண்ணீர் புகுந்து அது ஊறியிருக்கும். ஃபைபர் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, கடைசிப் பலகைக்கு அடியில் அறுத்துப் பார்க்கச் சொல். தண்ணீர்தான். வேறு ஒன்றும் இருக்காது.

பார்த்துவிட்டு உடனே எழுது. கடையில் விடுப்பு கேட்டால் முதலாளி முகம் கோணும், அதனால் வருவது பற்றி இப்போது சொல்ல முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா

2 ஜூலை

குட்டியின் அப்பாவுக்கு,

ஃபைபர்காரர் வந்தார். படகைக் கரையில் குப்புறப் போட்டு அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்த்தி, நீங்கள் சொன்ன இடத்தில் அறுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். ஒரு வாளி வந்திருந்தால் கூடப் போதும், அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கையை விட்டு எடுத்துக் காட்டினார். தெர்மோகோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் ஒட்டிய ஈரம் அவருடைய வியர்வைதான்.

இன்னொன்றும் சொன்னார். "அக்கா, இதை முன்னாடியே யாரோ அறுத்துப் பாத்துட்டு ஒட்டியிருக்காங்க. நல்லா வேலை தெரிஞ்ச கை." அந்த ஒட்டு யாருடைய கை என்று எனக்குச் சொல்ல வேண்டுமா?

குட்டி போன பிறகு ஒரு மாதம் நீங்கள் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனீர்கள். அப்புறம் ஒரு நாள், "கடையில மாசச் சம்பளம், கடல் போதும்" என்று பையைத் தூக்கிவிட்டீர்கள். உங்களுக்கும் கனத்திருக்கிறது. அறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். உலர்ந்திருந்தது தெரிந்துதான் போனீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இரண்டு வருஷமாக நானே நினைத்துக்கொண்டிருந்தேனே!

கோபம் தலைக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், வருவீர்களா? இந்தக் கேள்விக்கு மட்டும் இன்ஜினைப் பற்றி எழுதாதீர்கள்.

குட்டியின் அம்மா

15 ஜூலை

குட்டியின் அம்மாவுக்கு,

நான்தான் அறுத்தேன். உலர்ந்துதான் இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் தண்ணீர் புகுந்திருக்கும், நீ பார்க்கும்போதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உன்னை அறுக்கச் சொன்னேன். உனக்கும் அவன் தெரிகிறான் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கடை வாசலில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

அவன் தெரிவது எனக்குப் பயமில்லை. நம் பிள்ளை. ஆனால் இன்ஜின் பிடிக்கிற இடம் அந்தக் கடைசிப் பலகைதான். ஒவ்வொரு தடவையும் நான் போய் உட்காரும்போது அவன் ஒடுங்கி ஓரத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். அப்பா வந்தால் எழுந்து இடம் விடுகிற பிள்ளை அவன். அதற்கு அப்பால் ஓரமில்லை, தண்ணீர்தான். "இருடா, நகராதே" என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால்தான் நான் எழுந்து வந்துவிட்டேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

பதினைந்து எச்.பி. இன்ஜினை நாளைக்கு லாரியில் ஏற்றிவிடுகிறேன். கைப்பிடியோடு சேர்த்து மாட்ட நீளமான ஒரு கம்பி நானே செய்து வைத்திருக்கிறேன். அதை மாட்டினால் நடுப்பலகையில் உட்கார்ந்தே படகை ஓட்டலாம். உன் கனம் நடுவுக்கு வந்துவிடும், மூக்கும் இறங்கும். முதல் நாள் மெதுவாகப் போ, கை பழகட்டும். இனி பின்னால் யாரையும் உட்கார விடாதே, நெட்டையனைக் கூட.

நீ கேட்டதற்குப் பதில்: நான் வரமாட்டேன். வந்தால் பழக்கத்தில் நேரே பின்னால்தான் போய் உட்காருவேன், அவனும் எழுந்துவிடுவான்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா