அப்பாவுக்கு எடுத்துக் கொடுக்காதே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போடுவாய், பக்கத்தில் அப்பா இருப்பார். அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் எனக்குத் திட்டு விழுந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. நம் மொழிக்காரர் ஒருவர், வயதான தையல்காரர், மனைவியோடு வந்திருந்தார். டாக்டர் படம் காட்டிப் பெயர் கேட்பார், தையல்காரர் சொல்வதை நான் மொழிபெயர்க்க வேண்டும். கத்தரிக்கோல் படத்தைப் பார்த்து அவர், "அதான்மா... இது... வெட்டுவோம்ல, அது" என்றார். பாவமாக இருந்தது. 'கத்தரிக்கோல்' என்றே டாக்டரிடம் சொன்னேன். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான்.

குறை ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதப் போனார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு இழுத்து இழுத்துச் சொன்னத நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்டியே. வீட்ல நான் எடுத்துக் குடுக்கிறது பத்தாதா? அப்புறம் எப்படிம்மா கண்டுபிடிப்பாங்க?"

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். மூளையில் பேச்சுக்கான பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதாம்.

அம்மா, அப்பா போனில் "அங்க... அது எப்படி" என்பார். "குளிர் எப்படின்னு கேக்கிறாரு" என்பாய் நீ. நானும் பதில் சொல்வேன். ஒரு வருஷமாக நான் உன்னிடம் மட்டும்தான் பேசியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடு. தடுமாறினாலும் இறங்கி வராதே. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் உன்மேல் கோபம்தான்.

அடுத்த நோயாளிக்கு மொழிபெயர்க்க உள்ளே கூப்பிடுகிறார்கள். அப்பா எவ்வளவு நேரம் திணறினாலும் போனை வைக்க மாட்டேன். நானும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

உன் மகள்