வரவில்லை, இன்னும் கோபம்

அண்ணே,

இன்று காலை என் வாசலில் ஈரச் சிமெண்டு வாசனை. இடியப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடினேன். நகராட்சி ஆட்கள் நாலு பேர் ஒரு லாரி மணலோடு வந்து இறங்கியிருந்தார்கள். நம் லோங்காங்கைக் கட்டப் போகிறார்களாம். கூட்டத்துக்குக் கூட்டம் நான் எழுந்து நின்று கத்தினேனே, அதே சாக்கடையைத்தான். கரை சரிந்த மண் வாய்க்காலாகவே இத்தனை வருஷம் கிடந்தது, இனி இரண்டு பக்கமும் சுவர் எழும்பப் போகிறது. மேஸ்திரி என்னைப் பார்த்து, "இப்பச் சந்தோஷமா அக்கா?" என்றார். சந்தோஷம்தான். ஆனால் ஓடிவந்து சொல்ல நாலு வீடு தள்ளி நீங்கள் இல்லையே.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தமிழ் படிக்க வராது என்பதை எத்தனை முறை குத்திக் காட்டியிருப்பேன்! இன்று அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராததையெல்லாம் துணிந்து எழுதலாம்.

முதன்முதலில் உங்களைப் பார்த்த நாளில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நெற்றி நிறையத் திருநீறு, பெயர் தமிழ்ப் பெயர், வாயைத் திறந்தால் மலாய். மலாக்கா செட்டிமார் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? உங்களிடம் இருந்த தமிழ்ச் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று 'அக்கா'. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள், என்னை அக்கா என்றீர்கள். நான் உங்களை அண்ணே என்றேன். கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் சண்டைக்காலம் முடிந்து அடுத்த வருஷம் பெய்த மழையில் சாக்கடைத் தண்ணீர் என் அடுப்படிக்குள் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறியது. ஒன்பது வயதில் அப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள் நான். அந்தக் கப்பல் தாள், அப்பாவின் தாள், எல்லாம் கூழாகிப் போயின. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. நனைந்த அரிசி மாவுக்குத்தான் அழுதேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் நம் காஜா பெராங் தெருக்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சீன முதலாளி, நம் தவுக்கேயின் காப்பிக் கடைப் பின்கட்டில் கூட்டம். எழுதத் தெரிந்தவர் என்று உங்களைச் செயலாளர் ஆக்கினார்கள்.

நீங்கள் எழுதினீர்கள், அதுவும் எப்படி! யார் இருமினார்கள் என்பதைத் தவிர எல்லாவற்றையும் எழுதினீர்கள். மூலைக்கடை பாய் என் காதோரம், "பேரைப் பாத்தா நம்ம ஆளு, எழுத்தைப் பாத்தா மலாய். நாம என்னா பேசுனோம்னு நமக்கே தெரியாது லா" என்று முணுமுணுப்பார். எனக்கும் அந்தக் குறை உண்டு. தமிழில் ஒரு வரி எழுதினால் குறைந்தா போவார் இந்த மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

வராதவர்கள் விஷயத்தில்தான் உங்களை எல்லோரும் கிண்டல் செய்தார்கள். கூட்டத்துக்கு யார் வரவில்லையோ, மறுநாள் அவர் வீட்டு வாசலில் நிற்பீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். காய்ச்சல், பெண் பார்க்க வந்தார்கள், கிளேபாங்கில் அத்தை வீடு, எதுவானாலும் பக்கத்தின் அடியில் எழுதிவைப்பீர்கள். "போலீஸ்காரன்கூட இப்படிக் கேக்கமாட்டான்" என்று ஒருநாள் நான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஜப்பான்காரன் காலத்துல எத்தனை பேர் காணாமப் போனாங்க அக்கா. ஏன் வரலைன்னு கேக்க ஆள் இருந்துச்சா? இனிமே நம்ம தெருவுல அப்படி வேணாம்."

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை. என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். போனார் என்றும் எந்தத் தாளிலும் இல்லை, செத்தார் என்றும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இடியப்பம் அவித்து விற்றேன். சங்கக் கூட்டத்துக்கு வந்த ஒரே பொம்பளை நான்தான். வந்து என்ன செய்தேன்? லோங்காங், லோங்காங், லோங்காங். நான் எழுந்தாலே தவுக்கே காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்கியதற்கு, இரண்டு வருஷம் முந்தி அந்த வினை வந்தது. ஐந்து நாள் மழை, மறுபடி அடுப்படியில் தண்ணீர். கூட்டத்தில் எல்லோரும் தெருவிளக்கு பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேனா பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதா? உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தா இப்படி ஜம்முன்னு உக்காந்து எழுதுவீங்களா?" என்று எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கத்தினேன்.

அடுத்த மாதம் வழக்கம்போல முந்தின கூட்டக் குறிப்பை வாசித்தீர்கள். நான் கத்தியது ஒரு சொல் குறையாமல் அதில் இருந்தது. கடையே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

"அதை அடிங்க" என்றேன்.

"நீங்க சொன்னதுதானே அக்கா?"

"சொன்னா எழுதிடுறதா? அடிங்கன்னா அடிங்க."

"எழுதுனது எழுதுனதுதான் அக்கா. ஒருத்தருக்காக அடிச்சா, நாளைக்கு எல்லாத்தையும் அடிக்கணும்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆறு மாதம் கூட்டப் பக்கம் தலை வைக்கவில்லை. நான் வராத முதல் கூட்டத்துக்கு மறுநாள் வந்தீர்கள், கதவை முகத்தில் சாத்தினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்கு மறுநாளும் காலையில் வந்து இடியப்பம் வாங்குவீர்கள். நான் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைப்பேன். நீங்களும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவீர்கள். இடியப்பம் பிடித்துத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். அவ்வளவு மண்டு நான்.

பிறகு என் சின்னவளுக்கு அம்மை போட்டபோது உங்கள் வீட்டம்மா வேப்பிலையோடு வந்து உட்கார்ந்தார். அந்த மனுஷிக்காகக் கூட்டத்துக்குத் திரும்பினேன், உங்களுக்காக இல்லை. உள்ளே வந்தவளைப் பார்த்து நீங்கள் நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டீர்கள். கோபம் போயிற்றா என்று நீங்கள் கேட்கவில்லை. போயிற்று என்று நானும் சொல்லவில்லை.

மெர்டேக்கா வந்தது. தெரு முழுக்கத் தாள் கொடி. நம் சங்கத்தின் பேரில் எல்லா வீட்டுக்கும் இடியப்பம், என் கை ஒடிந்துபோனது. அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்த கையோடு ஒரு பயம் கிளம்பியது. குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இங்கே பிறக்காதவர்கள் இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே இருந்தோம் என்று காட்ட வேண்டும். மூலைக்கடை பாய், "சூராட், அதான் தாள், இல்லாதவங்களைக் கப்பல்ல ஏத்திருவாங்களாம்" என்று எங்கோ கேட்டதைக் கொண்டுவந்து போட்டார். என் பெண்கள் இரண்டு பேரும் மலாக்காவில் பிறந்தவர்கள், அவர்களுக்குத் தாள் இருந்தது. என் தாள் சாக்கடையோடு போய்விட்டது. பிள்ளைகள் இந்த ஊர்க்காரர்கள், பெற்றவள் மட்டும் யாரோ. எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

சங்கமே காப்பிக் கடையில் மேசை போட்டு எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது. என் முறை வந்தது.

"ஏதாச்சும் சூராட் இருக்கா அக்கா? வாடகை ரசீது?"

"வாடகைக்கு விட்டவரு போய்ச் சேந்துட்டாரு. அவரு மகன் சிங்கப்பூர்ல. ரசீதை யாரு கண்டா?"

"வேலை குடுத்தவங்க கடுதாசி?"

"எனக்கு நானே முதலாளி. என்னாத்த எழுதுறது?"

பேனாவை மூடினீர்கள். "திங்கட்கிழமை தயாரா இருங்க" என்றீர்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை திரிஷா வண்டியில் என் பக்கத்தில் ஒரு மாவுச் சாக்கை வைத்துவிட்டு, நீங்கள் சைக்கிளில் பின்னாலேயே வந்தீர்கள். சாக்கில் சங்கத்தின் குறிப்பேடுகள் அத்தனையும். அந்த மண்வெட்டிப் பேச்சும் உள்ளேதானே இருக்கிறது! அதிகாரி அதைப் படித்தால் இவள் சண்டைக்காரி, வேண்டாம் என்று எழுதிவிட்டால்?

பதிவு அலுவலகத்தில் ஒரு இளவயது மலாய் அதிகாரி. மலாயில் எழுதிய குறிப்பேடுகள், யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ஒரு வரி எழுதக்கூடாதா என்று நான் குறைப்பட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதம் மாதமாகப் புரட்டினார். "அக்கா லோங்காங் பற்றிக் கேட்டார்." "அக்கா மறுபடி லோங்காங் பற்றிக் கேட்டார்." "லோங்காங் பற்றி யார் கேட்டார் என்று எழுதத் தேவையில்லை." அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மண்வெட்டிப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த பக்கங்களில் அவர் முகம் மாறியது. "இங்கே ஆறு மாதம் உங்கள் பெயர் இல்லை. இந்தியாவுக்குப் போயிருந்தீர்களா?"

அந்த ஆறு மாதமும் என் வீறாப்பால் வந்த ஓட்டை. என் குடியை நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்போது நீங்கள் எழுந்து, பக்கத்தின் அடியில் விரலை வைத்தீர்கள்.

அதிகாரி வாய்விட்டே படித்தார்.

"வரவில்லை. மறுநாள் போனேன். வீட்டில் இருந்தார். கதவைச் சாத்திவிட்டார்."

பக்கத்தைப் புரட்டினார். "வரவில்லை. மறுநாள் இடியப்பம் வாங்கினேன். பேசவில்லை. மாசி மாரா." இன்னும் கோபம். அடுத்ததில், "வரவில்லை. மாசி மாரா." அதற்கடுத்ததிலும் மாசி மாரா. ஐந்தாவதில், "மாசி மாரா. ஆனால் ஒரு இடியப்பம் கூடுதலாக இருந்தது." ஆறாவதில், "வரவில்லை. கோபம் குறைந்தது போலத் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது."

அந்த அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து ஏதோ எழுதி, முத்திரை குத்தி, தட்டில் போட்டார். "இவ்வளவு கோபமாக ஒருவர் ஒரே தெருவில் இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றார்.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்து நான் அழுதது நினைவிருக்கிறதா? ஊரே பார்த்தது, எனக்கு வெட்கமே இல்லை. அத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல் இறங்கியது. காணாமல் போனால் கேட்க ஆளில்லாத பொம்பளை என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கதவைச் சாத்திய மாதங்களிலும் ஒரு மனிதர் வந்து, இருக்கிறாளா என்று பார்த்து, எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கோப்பை ஜில்லென்ற செண்டோல் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினீர்கள்.

"அடுத்த கூட்டத்துக்கு வருவீங்கதானே அக்கா? லோங்காங் இன்னும் அப்படியேதான் இருக்கு."

சில மாதங்களில் சத்தியம் செய்யக் கூப்பிட்டார்கள். தாள் வந்தது. அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டியபோதும் நான் சொன்னது, "எழுத்து கோணலா இருக்கு" என்பதுதான். நன்றி என்று ஒரு சொல் சொன்னேனா? இல்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை அண்ணே.

இன்றும் புக்கிட் பாருவில் பெரியவள் வீட்டுக்கு இரண்டு நாள் போவதானாலும் பாய் கடையில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். தெருவில் யார் வீட்டுக் கதவாவது மூடியே இருந்தால் போய்த் தட்டுகிறேன். திட்டுத்தான் கிடைக்கிறது, பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கண்ணை மூடிய பிறகு முதல் கூட்டம். பாயின் மகன்தான் இப்போது செயலாளர். பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தவர் உங்கள் பெயரில் நின்றார். அடித்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் எழுந்தேன். லோங்காங் என்று நினைத்து ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"அடிக்காதீங்க" என்றேன். "வரலைன்னு எழுதுங்க."

"காரணம் என்னான்னு எழுதுறது அக்கா?"

"அதை நாளைக்குச் சொல்றேன். வழக்கம் அதுதானே."

மறுநாள் உங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உங்கள் வீட்டம்மா கதவைத் திறந்து காப்பி கொடுத்தார். திரும்பும் வழியில் பாய் கடையில் நின்று, குறிப்பேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதச் சொன்னேன். மலாயில்தான் எழுதச் சொன்னேன், உங்களுக்குப் படிக்க வர வேண்டுமே.

"வரவில்லை. அக்காவுக்குக் கோபம் போய்விட்டது. உறுதியாகச் சொல்லலாம்."