வாப்பாவுக்குக் காரம் மட்டும் தெரிகிறது

மார்சிலிங், சிங்கப்பூர்,
வியாழன் இரவு.

அன்பு மகன் ரமீஸுக்கு வாப்பா ஜலாலுதீன் சொல்ல, தங்கை யும்னா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் யும்னாவும் அல்லாஹ்வின் அருளால் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம். கிளாஸ்கோவில் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் உம்மாவுக்கு நிம்மதி. ஜாலான் புசார் கடை நன்றாக நடக்கிறது, பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு சின்ன ஹோட்டல் திறந்திருக்கிறார்கள், அங்கே தங்குகிறவர்கள் காலையிலேயே மட்டன் சூப் கேட்டு வந்து நிற்கிறார்கள், நம் கடைப் பங்குதாரர் ஹனீபா மாமா மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே அவர்கள் எல்லோரிடமும் நீ ஸ்காட்லாந்தில் இன்ஜினியர் என்று சொல்லிவிடுகிறார், கேட்காதவர்களிடமும். யும்னாவுக்கு இந்த வருஷம் ஓ லெவல் தேர்வு, படிக்கிறாள் என்றுதான் நம்புகிறோம். போன வாரம் நீ போனில் சொன்னதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஆபீஸ் கூட்டாளிகளோடு போட்டி போட்டு மிளகாய் சாஸ் தின்றுவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயாமே, ஏழு வயதில் என் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தவன் நீ. பத்து மாசம் ரொட்டியும் சீஸும் தின்றால் பழக்கம் விட்டுத்தான் போகும், அது உன் குற்றம் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள், சில வாரத்தில் பழையபடி தாங்கும். வாய் எரிந்தால் தண்ணீர் குடிக்காதே, அது எரிச்சலை வாய் முழுக்கப் பரப்பும், பால் குடி, இல்லாவிட்டால் தயிர் ஒரு கரண்டி. வெறும் வயிற்றில் காரம் வேண்டாம், ராத்திரி காரமாகச் சாப்பிட்ட கையோடு படுக்காதே, நெஞ்சுக்கு ஏறும். மிளகாய் தொட்ட விரலால் கண்ணைத் தொடாதே, ஒருமுறை பட்டவன் என்பதால் மறந்திருக்க மாட்டாய். வியர்த்தால் வியர்க்கட்டும், மூக்கு ஒழுகினால் துடைத்துக்கொண்டு சாப்பிடு. நாற்பது வருஷம் மிளகாயோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், அதற்கு மரியாதை கொடுத்தால் அது நம்மை ஒன்றும் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளி ஸ்ரீநாத் அங்கே புறப்படுகிறான், அவனிடம் நம் கடை சூப் தூள் ஒரு கிலோ கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அதோடுதான் இருக்கும். உப்பு சேர்த்தே அரைத்தது, நீ ஒன்றும் போட வேண்டாம், எலும்பை வேகவைத்து இதைக் கொட்டினால் போதும். காரம் மட்டும் இந்தத் தடவை ஒரு படி தூக்கலாக வைத்திருக்கிறேன்.

காக்கா, இனி எழுதுவது உங்கள் தங்கை யும்னா, வாப்பா சொன்னது இதுவரைக்கும்தான். இன்னும் இரண்டு வரி மிச்சம் இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன். வாப்பா எப்படிக் கடிதம் எழுதுவாங்க என்று உங்களுக்குத் தெரியும். நான் ரஃப் நோட்டில் எழுத எழுத முழுவதையும் சொல்லி முடித்து, நல்ல தாளின் அடியில் முதலிலேயே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துட்டாங்க, நாலு மணிக்கு எழும்பிக் கடைக்குப் போகணும். நான் அழகாகப் படி எடுத்து ஒட்டிவிடுவேன் என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நடுவில்தான் நான் இதை அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிச்சுக்குங்க. போனில் சொல்லலாம் என்றால் தேர்வு முடியும்வரை என் போன் உம்மாவின் அலமாரியில் இருக்கிறது. உம்மா இப்போது எழுந்து வந்தால் கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்று சொல்வேன்.

காக்கா, வாப்பாவுக்கு உப்பு தெரியவில்லை. இனிப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. ஜூன் விடுமுறையில் நான் கடைக்குப் போனபோது, சூப்பை ஒரு கரண்டி எடுத்து நீட்டி உப்பு பார் என்றாங்க, நீயும் கற்றுக்கொள்ளணும் என்றாங்க, எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிட்டாங்க. நான் போகாத நாளில் சூப் ஒன்று உப்புக் கரிக்கும், இல்லை சப்பென்று இருக்கும். எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, ஜலால், இன்றைக்குக் கடலையே ஊற்றிட்டியா லா என்று கேட்டார், எல்லோரும் சிரிச்சாங்க, வாப்பாவும் சிரிச்சாங்க, பின்னால் போய் அந்தச் சூப்பைக் கரண்டி கரண்டியாக மறுபடியும் மறுபடியும் குடித்துப் பார்த்தாங்க. வீட்டில் உம்மா உப்புப் போட மறந்த பாகற்காயைப் பிரமாதம் என்று வாப்பா சாப்பிட்டாங்க, தன்னைக் கேலி செய்றாங்க என்று உம்மா கோபப்பட்டாங்க. போன மாசம் திரிந்துபோன பாலை ஒரு டம்ளர் முழுக்கக் குடிச்சாங்க. நான் பார்த்துவிட்டேன். அப்போதுதான் என்னிடம் சொன்னாங்க, உம்மாவிடம் சொல்லாதே, சமையல்காரனுக்கு நாக்கு போச்சு என்று நாலு பேருக்குத் தெரிந்தால் கடையை மூடிட வேண்டியதுதான் என்று. வாக்கும் வாங்கிக்கிட்டாங்க. ஆனால் உம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் கேட்டாங்க, உங்களிடம் சொல்லக்கூடாது என்று கேட்கவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான். நாற்பது வருஷம் மிளகாய் தின்ற நாக்கு தேயத்தானே செய்யும், ஆனால் காரம் இன்னும் சுருக்கென்று தெரிகிறது, அதனால் பயப்பட ஒன்றும் இல்லை என்பாங்க. பச்சை மிளகாயைக் கடித்துக் காட்டுவாங்க, கண்ணில் தண்ணீர் வரும், பார்த்தியா, நாக்கு வேலை செய்யுது என்பாங்க. நானும் முதலில் நம்பினேன். பிறகு எங்கள் சயின்ஸ் மிஸ்ஸிடம் கூட்டாளியின் தாத்தாவுக்கு என்று பொய் சொல்லிக் கேட்டேன், நூலகத்திலும் தேடிப் படித்தேன். வாப்பா நினைப்பது இரண்டுமே தப்பு காக்கா. காரம் ஒரு சுவையே இல்லை. சூட்டையும் வலியையும் சொல்கிற நரம்பு வேறு, உப்பையும் இனிப்பையும் சொல்கிற மொட்டு வேறு. மிளகாய் அந்த நரம்பைத்தான் சுடுகிறது, சுடச்சுட அது பழகிப்போய்க் கொஞ்சம் மரத்துவிடும், விட்டால் திரும்பி வரும், உங்களுக்கு நடந்தது அதுதான். சுவை மொட்டுகளை மிளகாய் தேய்ப்பதில்லை, அவை பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் காரம் தெரிவதால் நாக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, உப்பு தெரியாததற்கு மிளகாய் மேல் பழி போடவும் முடியாது. வேறு ஏதோ இருக்கிறது. மூக்காக இருக்கலாம், பல் ஈறாக இருக்கலாம், சாப்பிடுகிற மாத்திரையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், பலவும் சரிசெய்யக்கூடியவை, ஆனால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்று மிஸ் சொன்னாங்க. வாப்பா இளைத்துப்போய் பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்காங்க. எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான். மற்றது எல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியும், எதனால் இப்படி என்ற இந்த ஒன்று மட்டும் தெரியவில்லை.

பார்சலில் இரண்டு பொட்டலம் இருக்கும். வாப்பாவுக்கு ஒன்றுதான் தெரியும், சிவப்பு ரப்பர் போட்டது, இந்த வாரம் அரைத்தது. நீல ரப்பர் போட்ட சின்னது நீங்கள் புறப்பட்ட மாசம் அரைத்தது, ஃபிரிட்ஜில் பின்னால் இருந்ததை எடுத்து வைத்தேன். இரண்டையும் உள்ளங்கையில் போட்டு நக்கிப் பாருங்க, நான் சொன்னது எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பிறகு செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்க, அன்றைக்குக் கடை லீவு, வாப்பா வீட்டில்தான் இருப்பாங்க. நீங்கள் ஒரு தடவை சொல்லித்தான் சிகரெட்டையே விட்டாங்க. திட்டாதீங்க, கெஞ்சாதீங்க, தூளில் உப்பு ஏறிப்போச்சு வாப்பா, ஏன் என்று மட்டும் கேளுங்க. பாலிகிளினிக்குக்கு நான் கூடப் போகிறேன், ஸ்கூல் லீவு போட்டாவது போகிறேன். என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

இனி வாப்பா சொன்ன கடைசி வரிகள், அவங்க சொன்னபடியே. இதுவரை எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன், இரண்டாவது வரியில் உள்ள கேள்வியை அவங்க கேட்டதே இல்லை காக்கா, சொல்லும்போது என் முகத்தையும் பார்க்கவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத பசியும் தரட்டும், தொழுகையை விடாதே, உம்மாவுக்கு வாரம் ஒருமுறை போனில் முகம் காட்டு. தூளில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நீ சாப்பிட்டுப் பார்த்து, என் மனசுக்காக இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லு.

உன் வாப்பா,
ஜலாலுதீன்