நான் திருப்பிய முள்

நவம்பர் 3
உலகத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: எங்கள் ஊர் மீட்புக் குழு வண்டிக்கு இன்று மாலை நான்கு புது டயர்கள் எழுந்தருளின. கொடி ஏற்றப்படவில்லை. ஒரு நாய் குரைத்தது.

போன புத்தாண்டுக்குக் குழு பட்டாசு விற்ற காசில் வாங்கியவை. கொட்டகையில் பெரிய சண்டை. அப்பா ஆணி டயர் கட்சி. அக்கா எட்டாவோ ஆணியில்லாத மெத்து ரப்பர் கட்சி.

"பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கிற ரோட்டுல ஆணி இல்லாம எப்படிம்மா நிப்பாட்டுவே?"

"மேட்டுல ஆழமான பனியில ஆணி என்னப்பா பண்ணும்? அங்க டயர் மிதக்கணும். ரோட்டுக்கு நான் மெதுவா ஓட்டிக்கிறேன்."

அக்கா ஜெயித்தாள். ஆனால் குழுத் தலைவி ஹெர்டிஸ் முடிச்சுப் போட்டுவிட்டார்: "டயர் உன் தேர்வு, பொறுப்பும் உன்னுது. சோதனை ஓட்டம் நல்லாப் போனா இந்தக் குளிர்காலம் நீதான் ஓட்டுநர்."

மூன்று வருடமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து அவள் காத்திருப்பது இதற்குத்தான்.

நவம்பர் 5
பனியில் போகும்போது காற்றை இறக்குவார்கள். டயர் தொப்பையை விரித்து மிதக்கும். அளவு மீறி இறக்கினால் சக்கர ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். எட்டா தொப்பையைப் பார்த்தே அளவு சொல்வாளாம். ஒரே பீற்றல்.

ஆகவே இன்று காற்றழுத்தம் பார்க்கும் கேஜின் கண்ணாடியை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி, முள்ளை இரண்டு கோடு மேலே திருப்பி வைத்தேன். இரண்டு இருந்தால் நாலு என்று காட்டும். நாளை கொட்டகையில் அவள் கண்ணுக்கும் முள்ளுக்கும் குடுமிப்பிடி. நான் நடுவர்.

நவம்பர் 6
கணக்குப் பரீட்சை. கொட்டகைக்குப் போகவில்லை. எனக்கே காற்று இறங்கிவிட்டது.

நவம்பர் 9
சோதனை ஓட்டம். பின்சீட்டில் நானும் போனேன். மேட்டில் பனி முழங்காலளவு. எட்டா இறங்கிக் காற்றை இறக்கினாள். கேஜை வைத்துப் பார்த்தாள். டயரைப் பார்த்தாள். மறுபடி கேஜை.

"நாலு காட்டுது. ஆனா தொப்பை ரொம்பப் பெருசாத் தெரியுதே."

ஹெர்டிஸ்: "கண்ணை நம்பாதே. குழுவோட விதி கேஜ்தான்."

அப்போதுதான் எனக்கு முள் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது – என்ன ஆகிவிடப் போகிறது என்று.

சரிவில் குறுக்கே திரும்பியபோது முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே பள்ளம். 

பிறகு என்ன? நானே இறங்கினேன். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே லைட்டர் வாயுவைப் பீய்ச்சி ஒரே தீக்குச்சி. டம்! டயர் துள்ளி ரிம்மில் உட்கார்ந்தது. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

நவம்பர் 10
பள்ளியில் நான்தான் இன்று நாயகன். 'டம்' இப்போது 'டமார்' ஆகிவிட்டது.

நவம்பர் 12
பெட்ரோல் பங்கில் சாசேஜ் தின்றுகொண்டிருந்தோம். கல்லாக்காரர் எட்டாவிடம், "என்னம்மா, நீ கழட்டின டயரை உன் தம்பி மாட்டினானாமே! பேசாம சாவியை அவன்கிட்டயே கொடுத்துடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டா என்னைப் பார்த்தாள்.  பாதி சாசேஜை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

சாயங்காலம் ஹெர்டிஸ் முடிவு சொன்னார். எட்டா இந்தக் குளிர்காலமும் பின்சீட்டு. டயரும் திரும்பிப் போகிறது, ஆணி டயர் வருகிறது. அவள் அப்பாவிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது: "சரிதான்பா. எனக்குக் கண்ணும் போதல, கையும் போதல."

அவள் கண் சரியாகத்தான் சொன்னது. அது இந்த ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும்.

நவம்பர் 13
காய்ந்த மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். மீன் மேல் பழி போடுவானேன்.

நவம்பர் 14
கேஜை எடுத்துக்கொண்டு ஹெர்டிஸிடம் போனேன். வழியெல்லாம் நல்ல நல்ல வசனம் யோசித்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்: "முள்ளை நான்தான் திருப்பினேன்."

"எதுக்குடா?"

"சிரிப்பு வரும்னு…"

"வந்துச்சா?"

கேஜை நீட்டினேன். அவர் வேறு கேஜை எடுத்து இரண்டையும் ஒரே டயரில் வைத்துப் பார்த்தார். இரண்டு கோடு வித்தியாசம்.  "அந்தப் பள்ளத்துல அன்னிக்கு மூணு பேரும் உருண்டிருப்போம், ஃப்ளோக்கி. போ. உங்க அக்காகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். எட்டா கத்துவாள் என்று தயாராக நின்றேன். கத்தவில்லை. "அஞ்சு நாளா என் கண்ணையே நான் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன்டா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். இதைவிட அறைந்திருக்கலாம்.

நவம்பர் 19
மேட்டில் ரொட்டி வேன் சிக்கிக்கொண்டதாக அழைப்பு. ஹெர்டிஸ் முடிவை மாற்றிவிட்டார்; எட்டா ஓட்டினாள். அதே மெத்து டயர். வேன் ஓட்டுநரோடு பத்திரமாகத் திரும்பிவந்தாள். எனக்குத் தண்டனை: வசந்தம் வரைக்கும் வண்டியில் ஏறக்கூடாது. கொட்டகைக் கதவைத் திறந்து மூடுவது மட்டுமே என் உத்தியோகம். கதவை மூடும்போது, "ஒழுங்கா மூடுடா, ஆட்டு மூஞ்சி" என்றாள். ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நவம்பர் 20
வகுப்பில் பயல்கள் விடவில்லை. "அந்த டம் வித்தையை எங்க டயர்ல காட்டுடா" என்று ஒருவன் லைட்டர் வாயுவே கொண்டுவந்துவிட்டான். வேறு வழியில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஒன்பதாம் தேதி எழுதியது அப்படியே நிற்கக்கூடாது.

கொளுத்தியது எட்டா. நான் வண்டிக்குப் பின்னால் பனியில் குந்தியிருந்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. கண்ணையும் மூடிக்கொண்டு. சத்தத்தை மட்டும்தான் கேட்டேன், அதுவும் பாதி.