எஃபியின் எட்டு வாரம்

1894 அக்டோபர் 15
லவீனியா அக்காவின் மகள் எஃபி படிக்கும் பள்ளிக்கூடத்துக் கூரையை இன்று பார்த்தேன். குறுக்கு உத்தரம் சுவரில் உட்காரும் முனை உளுத்துப் போயிருக்கிறது. பேனாக்கத்தி பிடிவரை இறங்கியது. ரயில் பாலத்தில் இப்படி ஒரு மரத்தை விட்டுவைத்தால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது.

அக்டோபர் 16
பள்ளிப் பொறுப்பாளர் க்ராஸ்பெக்கிடம் சொன்னேன்.
"இந்தக் கூரைக்குக் கீழதான் தம்பி நாங்கல்லாம் படிச்சோம்."
"படிச்ச லட்சணம் தெரியுது" என்றேன்.
நானே ஒரு முட்டுக்கால் வைக்கிறேன் என்றதற்கு, பள்ளிச் சொத்தில் கைவைத்தால் வழக்காம்.

அக்டோபர் 17
உத்தரம் மாறும்வரை எஃபியை அனுப்பாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று வீடுகளிலும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மற்ற வீடுகளில் சிரித்தார்கள்.

1895 மார்ச் 30
பனி உருகிவிட்டது. அத்தனை பனிப் பாரத்திலும் கூரை விழவில்லை. "என்ன இஞ்சினியரே, விழலையே!" — தபால் நிலையத்தில், கடையில், தேவாலய வாசலில்கூட. விழுந்திருந்தால்தான் நம்புவார்களா?

மே 5
"ஆகஸ்டுல பள்ளிக்கூடத்து வருசக் கூட்டம் வருதுல்ல, உத்தரம் மாத்துறத அங்க ஓட்டுக்கு விடுவோம். அம்மாமாரும் ஓட்டுப் போடலாம்டா. சட்டம் வந்து எத்தனை வருசமாச்சு, இந்த ஊர்ல ஒருத்தியும் போனதில்ல. நாங்க நாலு பேரும் போறோம்" என்றாள் அக்கா.
அக்கா புருசன் ஆசா மாமா சிரித்தார். "எதுக்கு, சன்னலுக்குத் திரை தைக்கவா?"
"உங்க மக தலைக்கு."

ஆகஸ்டு 6
கூட்டம். ஆண்கள் முன்னாலேயே வந்து, சன்னல்களைச் சாத்தி, ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்திருந்தார்கள். வேண்டுமென்றேதான். பெண்கள் இருமிக்கொண்டே உட்கார்ந்தார்கள், ஒருத்தியும் எழவில்லை.
"ராத்திரிச் சோறு யார் பொங்குறது அம்மணி?"
"சுருட்டுத் தின்னே வயிறு ரொம்பிடுமே உங்களுக்கு" என்றாள் அக்கா. அவர்களே சிரித்துவிட்டார்கள். ஜெயித்தோம் என்று நினைத்தேன்.
க்ராஸ்பெக் எழுந்தார். "இந்தம்மா ஓட்டை நான் ஆட்சேபிக்கிறேன். நிலம் புருசன் பேர்ல. தாய்ங்கிற முறையில போடணும்னா, இந்த ஒரு வருசத்துல பிள்ளை எட்டு வாரமாவது பள்ளிக்கு வந்திருக்கணும். வந்துச்சா? உறுதிமொழி குடுங்க. பொய்யின்னா வழக்கு."
எஃபி ஆறு வாரம்தான் போயிருந்தாள். அக்கா பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம் — சொல்லவில்லை.
"வரல. ஏன் வரலன்னு உங்களுக்கே தெரியும்."
மற்ற மூவருக்கும் அதே கதி.
எனக்குப் பிள்ளை கிடையாது. பாலப் படங்கள் வரைய ஒரு கொட்டகையை வாடகைக்கு வைத்திருக்கிறேன்; அதனால் எனக்கு ஓட்டு உண்டு! போட்டேன். புது உத்தரம் இரண்டு ஓட்டில் தோற்றது. வரி ஏறும் என்று மாமாவும் எதிராகப் போட்டார்.
பிள்ளைகளை நிறுத்தச் சொன்னவன் நான். மரத்தைப் படித்தேன், சட்டத்தைப் படிக்கவில்லை. கழுதை.

ஆகஸ்டு 7
அக்கா மாமாவுக்குத் தட்டு வைத்தாள். தன் தட்டை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 9
பள்ளி திறந்தது. உத்தரம் அப்படியேதான் இருக்கிறது. உளுத்த இடத்தை மறைத்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.
காலையில் போனபோது எஃபி தலை வாரி, சாப்பாட்டு வாளியோடு நின்றாள்.
"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.
"எட்டு வாரம்டா. அடுத்த ஆகஸ்டு ஓட்டுக்கு வேணும்." அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து எஃபியின் பொத்தானைப் போட்டாள். "கதவோரமா உக்காருடி கண்ணு. மேல கிறீச்சுன்னு கேட்டா வெளிய ஓடிடு. ஆனா வீட்டுக்கு மட்டும் வந்துடாத."
வண்டியில் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.