சம்பந்தி காரின் ஆயில் போல்ட்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் மகள் போன். "அம்மா, மாமா கார்ல ஆயில் ஒழுகுதாம். உன் பட்டறைக்குத்தான் கொண்டு வர்றாரு. கையால மட்டும் வேலை பாரு, வாயால பாக்காத."

என் வாய் அப்படி என்ன செய்துவிட்டது? போன முறை விருந்துக்கு வந்தபோது சம்பந்தி தலைக்குப் புதுசாகச் சாயம் அடித்திருந்தார். "என்ன சம்பந்தி, எங்க பட்டறை பழைய ஆயிலா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனவர்தான். அவரும் வருவதில்லை, மருமகனையும் அனுப்புவதில்லை. மகள் மட்டும் தனியாக வந்து தனியாகப் போகிறாள். பார்க்கவே என்னவோ போல இருக்கிறது.

இந்த முறை வாய்க்குப் பூட்டு. சத்தியம்.

ஆகஸ்ட் 6

வந்தார். போனில் வீடியோ பார்த்து அவரே ஆயில் மாற்றினாராம். அடியில் இருக்கும் போல்ட் எங்கேயோ உருண்டு போய்விட்டதாம். கடையில் அதே தடிமனில் ஒன்று வாங்கிப் போட்டாராம்.

"ரெண்டு சுத்து ஈசியா போச்சு சம்பந்தியம்மா. அப்புறம் இறுகிடுச்சு. ஸ்பேனர்ல பைப்பை மாட்டி ஒரு திருகு..."

பைப்பை மாட்டி! நாக்கு நுனியில் நாலு பதில். விழுங்கினேன்.

போல்ட்டை அளந்தேன். தடிமன் பன்னிரண்டு மில்லி, சரிதான். சீப்பு மாதிரி இருக்கும் கேஜை மரையில் வைத்தால், புரிக்குப் புரி இடைவெளி ஒன்றே முக்கால். ஆயில் சட்டியைக் கழற்றி, அதன் ஓட்டையில் உள்பக்கமிருந்து ஒன்றேகால் மில்லி இடைவெளி உள்ள போல்ட்டை விட்டுப் பார்த்தேன்; இந்த வண்டிக்கு அதுதான் அளவு. அங்கே பிழைத்துக் கிடந்த புரிகளில் அழகாக ஏறியது. மற்ற புரியெல்லாம் மாவு. அலுமினியம் பாவம், என்ன செய்யும்?

"ம்ம்" என்று மட்டும் சொன்னேன். சம்பந்திக்கு வேர்த்தது. வீட்டுக்காரர் என் காதருகே வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?" என்றார்.

ஆகஸ்ட் 7

ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டும் கருவியான டேப்பில் கிரீஸ் தடவிப் புது மரை வெட்டினேன். அதற்குள் கம்பிச் சுருளைத் திருகி இறக்கினால் பழைய அளவு திரும்பிவிடும். வாயே திறக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற சம்பந்தி திடீரென்று,

"சம்பந்தியம்மா, உண்மையச் சொல்லிடுங்க. இஞ்சின் போச்சா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்துலேருந்து நீங்க ஒரு கிண்டல் பண்ணல. டாக்டர் பேசாம இருந்தா என்ன அர்த்தம்? பயமா இருக்கு."

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். எனக்கு அடக்கியதெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"பைப்பை மாட்டித் திருகுனீங்களே! அந்த போல்ட் வேணாம் வேணாம்னு கத்தியிருக்கு, நீங்க கட்டாயக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க சம்பந்தி!"

சொன்ன பிறகுதான் திக்கென்றது. ஐயோ — மறுபடியுமா?

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்பாடா! வண்டி பொழைச்சுடும்."

சட்டியை மாட்டிவிட்டு, புது போல்ட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். விரலால் திருகியே கடைசி வரை போனது. அப்புறம்தான் ஸ்பேனர், அதுவும் கொஞ்சமாக.

ஆகஸ்ட் 8

அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. வண்டி போய்விட்டது. வாயைத் திறந்ததை மகளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பட்டறை லீவு. வாசலில் ஹாரன். சம்பந்தி, பக்கத்தில் மருமகன், பின்சீட்டில் மகள். "டயர்ல காத்து கம்மியா இருக்கோன்னு ஒரு சந்தேகம் சம்பந்தியம்மா, கொஞ்சம் பாருங்க." இவர் வீட்டுக்கு எதிரிலேயே காற்று அடிக்கும் கடை இருக்கிறது!

நாலு டயரையும் அளந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. "ரொம்பக் குறைச்சலா இருக்கு, நேரமாகும்" என்று சொல்லி எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தேன்.