மேட்டுக்களத்துக்கு ஒரு வண்டி

ஜூலை 7, 1999, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. கண், வாய், சோற்றுத் தூக்கு எல்லாம் மண்.

மேட்டுக்களம் பாதையில் சைக்கிள் மறுபடி காலை வாரிவிட்டது. பின்சக்கரம் கோணல், ட்யூப் கிழிசல். தடுப்பூசி மருந்து உள்ள ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி தூரம் வண்டியைத் தள்ளினேன். பாதையா அது, ஜல்லியைக் கொட்டி மறந்துபோன இடம். போய்ச் சேர ஒன்பது தாண்டிவிட்டது. பாண்டியம்மா வீட்டில் பூட்டு. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தக்காளி பறிக்கப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது: "ஏழு மணிக்கே டிராக்டரு வந்து அள்ளிட்டுப் போயிரும் நர்சம்மா. நீங்க வார நேரத்துக்கு இங்க நாயும் கோழியுந்தேன் இருக்கும்."

அந்தப் பிள்ளைக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை ஊசி இன்னும் பாக்கி. பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது.

முதல் பஸ்ஸே எட்டரைக்கு. அதுவும் ரோட்டோடு சரி. இந்த ஒல்லி டயர் வண்டி இனி உதவாது. தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பேசாம மாறுதல் கேளு" என்றார். ரசம் மட்டும் ஊற்றினேன்.

ஜூலை 9, வெள்ளி

திண்டுக்கல். மண்ணெண்ணெய், அவருக்குப் பனியன், சைக்கிள் கடை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய கடை. கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் வீட்டுக்காரருக்கு.

"பையனுக்குங்களா சார்? என்ன படிக்கிறாப்ல?"

"எனக்கு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்ததுதான் எரிகிறது. உடனே கடைக்காரர் கூடை வைத்த ரோஸ் கலர் லேடீஸ் வண்டி ஒன்றை உருட்டி வந்தார். "மேடத்துக்கு இது அம்சமா இருக்கும். கூடை ஃப்ரீ." ஜல்லிப் பாதை, ஐஸ் பெட்டி, ஏற்றம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பன்னா ரெண்டு கூடையாப் போட்டுருவோம்" என்றார்.

ஜூலை 10, சனி

இன்று தனியாகப் போனேன். ரவுண்டு ரோட்டுக் கடை. கண்ணாடிக்குள் வரிசையாக மலை சைக்கிள்கள். எதையும் வெளியே ஓட்டிப் பார்க்கக் கூடாதாம். "வாங்கிட்டு ஓட்டுங்க, யாரு வேணாம்னா?" என்றான் விற்பனைப் பையன். கடைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். சேலை போய் செயினில் மாட்டியது. யூனிஃபார்ம் சேலையில் ஒரு முழத்துக்குக் கறுப்புக் கிரீஸ்.

இன்று தெரிந்தவை: கியர் வண்டிக்கு முழு செயின் கவர் பொருந்தாது, செயின் இடம் மாறும். முழு கவர் போட்ட வண்டியில் கியர் கிடையாது. கியர் இல்லாவிட்டால் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஏற்றத்தில் தள்ளத்தான் வேண்டும். பின்னால் பெட்டி வைக்கக் கேரியரும் இல்லை.

வீட்டில் சீயக்காய், எலுமிச்சை, மண்ணெண்ணெய் (அடுத்த வீட்டுக் கடன்). கறை போகவில்லை.

ஜூலை 12, திங்கள்

சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டேன், ஊசி நாளான புதன்கிழமை மட்டும் சுடிதார் போட்டுக்கொள்ளலாமா என்று. "யூனிஃபார்ம்னா சேலை. நான் இருவத்தஞ்சு வருஷமா சேலையிலதானே வேலை பாக்குறேன்?" அவர் ஜீப்பில் வருகிறவர். இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டரம்மா நல்லவர். செவ்வாய் சாயங்காலமே ஐஸ் பெட்டி தருகிறேன் என்றார். ஆகவே நாளை மறுநாள் இருட்டோடு கிளம்பி நடக்கப் போகிறேன்.

ஜூலை 14, புதன்

நடந்தேன். டார்ச் லைட், பெட்டி, கையில் நாய்க்கு ஒரு குச்சி. ஓடை தாண்டும்போதே நன்றாக வெளுத்துவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது எதிரே டிராக்டர். மேலே பெண்கள். பாண்டியம்மா மடியில் பிள்ளை.

வண்டியை மறித்தேன். "செத்த நேரம் நிறுத்துப்பா, ரோட்டோரத்துலயே போட்டுருதேன்." டிரைவர் எஞ்சினை உறுமவிட்டான். "தோட்டக்காரரு வைவாரும்மா." பாண்டியம்மா மேலே இருந்தே சொன்னாள்: "எறங்குனா இன்னைக்குக் கூலி போயிரும் நர்சம்மா. அடுத்த வாரம் பாத்துக்கிருவோம்." பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. டிராக்டர் போய்விட்டது. புழுதியில் நின்று அழுதேன், கோபத்தில்தான்.

ஜூலை 15, வியாழன்

பேகம்பூர் பக்கம் சின்னக் கடை. போர்டு கூட மங்கல். வாசலில் பாய் ஒருவர் சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "யாரு ஓட்டப்போறது?"

நான் என்றேன். சிரிக்கவில்லை. "பாதை கல்லா, மணலா? பெட்டி என்ன கனம்?" என்றார். கால் எட்டுகிறதா என்று பார்த்தார். பார் தாழ்ந்து வளைந்த ஒரு தடித்த டயர் வண்டி, பின்னால் ஆறு பல்சக்கரம். "மசூதி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க." இதைக் கேட்க ஒரு வாரமாக ஊரைச் சுற்றியிருக்கிறேன். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

ஆனால் பாயும் லேசுப்பட்டவர் இல்லை, வாயைத் திறந்தால் குறை. என் பழைய வண்டிக்குக் காற்றடித்தவனைத் திட்டினார், ரோடு போட்டவனைத் திட்டினார், மணியடிக்காமல் ஓட்டியதற்கு என்னையும் திட்டினார். பெட்டிக்கு இரும்பில் கேரியர் அடித்துத் தருகிறாராம். சேலைக்கு வழி கேட்டேன். "யோசிக்கணும்" என்றார்.

ஜூலை 17, சனி

வண்டி வந்துவிட்டது. சந்தனம், குங்குமம் வைத்தது அடுத்த வீட்டு அக்கா. ஜெபம் செய்தது நான். எதற்கும் இருக்கட்டும்.

ஓடை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். இறங்கவே இல்லை. கொசுவத்தை இறுக்கிச் செருகியும் சேலை மட்டும் ஒரு தடவை செயினை உரசியது. வீட்டில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஜூலை 19, திங்கள்

தலை வலிக்கிறது. எழுதாமல் தூக்கம் வராது.

மாதக் கூட்டம் முடிந்து வந்தால் வாசலில் வண்டி. முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். முன்னால் கூடை. பக்கவாட்டில் பச்சை பெயிண்ட் அடித்த முழு செயின் கவர். கியரைக் காணோம். ஆறு பல்சக்கரமும் காணோம். என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்.

"எப்புடி? இனிச் சேலை சிக்காது பாரு. மில்லு எதிர்க்க நம்ம கூட்டாளி கடையிலதேன் செஞ்சது. செயினை வெட்டிச் சின்னதாக்கிட்டான். ஒரே பல்லு. ஆயுசுக்கும் ரிப்பேரு வராது."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்."

இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் பகல் முழுக்க அங்கே நின்றிருக்கிறார். அது தெரிந்ததால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. முக்கால்வாசி திட்டினேன். நாளை மறுநாள் புதன். கழற்றிய சாமான்கள் அரிசிச் சாக்கில் கிடக்கின்றன.

சோறு வடிக்கவில்லை. அவரே உப்புமா கிண்டினார். கட்டி கட்டியாக.

ஜூலை 20, செவ்வாய்

பாய் கடைக்கு வண்டியை அவரே ஓட்டிவந்தார். நான் சாக்கோடு பஸ்ஸில். பாய் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"யாரு கைவச்சது?"

நான் தெருவைப் பார்த்தேன்.

"நாந்தேன் பாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓட்டுறது யாரு?"

"இவதேன்."

"அப்ப இவங்களையில்ல கேக்கணும்?"

அவர் தலை குனிந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வெட்டிய செயின் தேறாது, புதுசு போட வேண்டும். சாக்கில் ஒரு ஸ்பிரிங் குறைந்தது, அதைத் தேடி ஆள் அனுப்பினார். மத்தியானம் மூன்று பேரும் டீயும் பன்னும். கடைசியில் பாய் அந்தப் பச்சை கவரை எடுத்து, அரைவட்டமாக ஒரு துண்டு வெட்டி, முன்பல்சக்கரத்துக்கு மேலே குடை போல வைத்து முடுக்கினார். "சேலைக்கு இது போதும். யோசிக்கணும்னு சொன்னேன்ல." கூடையைக் கழற்றட்டுமா என்று என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். இருக்கட்டும் என்றேன்.

திரும்புகையில் அவர் பஸ், நான் வண்டி. டாக்டரம்மா பெட்டியைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

ஜூலை 21, புதன்

காற்று இல்லை. கொசுவத்தை நாற்று நடுகிறவர்கள் மாதிரி பின்னால் வரிந்து செருகினேன். சூப்பர்வைசர் அம்மா பார்த்தால் பார்க்கட்டும், சேலைதானே. பெட்டி கேரியரில், கூடையில் தடுப்பூசி அட்டைகளும் தண்ணீர் பாட்டிலும். ஏற்றத்தில் கியர் ஒருமுறை கடகடத்து அப்புறம் சரியாகப் பிடித்தது. இறங்கவில்லை.

மேட்டுக்களத்தில் இன்னும் அடுப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. டிராக்டர் வரவில்லை. பாண்டியம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து வண்டியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"என்ன நர்சம்மா, இம்புட்டு வெள்ளன வந்துட்டீங்க? பல்லு மொளைக்குதுன்னு ராவெல்லாம் அழுதுட்டு, பிள்ளை இப்பத்தேன் கண்ணசந்துச்சு. அடுத்த புதன் வேணா..."

எழுப்பு என்றேன்.